படித்துறையிலிருந்து வாடகை வீடு வரை: இடைக்கால வீடு நடத்த வருகிறவர்களுக்கு

வீடில்லாத குடும்பம் என்றதும் சென்னை நடைபாதையை மனதில் வைத்துக்கொண்டு காவிரி டெல்டாவுக்கு வந்தால், ஒரு குடும்பத்தைக்கூடக் கண்டுபிடிக்க மாட்டீர்கள். இங்கே குடும்பத்தோடு தெருவில் படுப்பது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் மாமியார் வீட்டுத் திண்ணையில் மூன்று மாதம் இருந்திருப்பார்கள். அது கசந்ததும் தங்கச்சி வீட்டு மாட்டுக்கொட்டகை, அப்புறம் செங்கல் சூளை, அப்புறம் திருப்பூர். அங்கே வேலை போனதும் திரும்பி வந்து ஊர்க்கோடி மண்டபத்திலோ ஆற்றுப் படித்துறையிலோ பத்து நாள். கும்பகோணம் பேருந்து நிலையமும் தஞ்சாவூர் ரயிலடியும் வருவது எல்லாக் கதவும் சாத்திய பிறகுதான். நம்மிடம் வந்து சேரும்போது அந்தக் குடும்பம் நான்கைந்து கூரை மாறியிருக்கும். அந்தக் கூரை ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் முகம் சுளித்திருப்பார். இதை மறந்துவிட்டு ஃபாரத்தை நீட்டினால் வேலை அங்கேயே கெட்டுவிடும்.

வார்டனாகவோ களப்பணியாளராகவோ புதிதாகச் சேர்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு நாலு அறை பிடித்து இப்படி ஒன்று தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில் ஒரு வித்தியாசம். இரவு விடுதி வேறு, இடைக்கால வீடு வேறு. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒன்று என்ற கணக்கில், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கும் விடுதி வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நகராட்சிகள் நடத்தும் வீடற்றோர் விடுதிகள் அந்த வழியில் வந்தவை. அவை தேவைதான். ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று பிரித்திருப்பார்கள். புருஷன் ஒரு கட்டடத்தில், பெண்டாட்டி பிள்ளைகள் இன்னொன்றில் என்றால் அந்தக் குடும்பம் மறுபடியும் மண்டபத்துக்கே போய்விடும். இடைக்கால வீடு என்பது தனி அறை, தனி அடுப்பு, உள்ளே தாழ்ப்பாள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை அங்கே இருந்து, கடனையும் காகிதங்களையும் வேலையையும் ஒழுங்கு செய்துகொண்டு, தங்கள் வாடகையைத் தாங்களே கட்டும் வீட்டுக்குப் போக வேண்டும்.

வந்தவருக்கு இடம் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் மாதிரி மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்களை இன்றும் பார்க்கலாம். ஆனால் சத்திரத்தில் தங்கினவனுக்குப் போகிற ஊர் தெரியும், இராமேஸ்வரம். நம்மிடம் வருகிறவர்களுக்கு அது தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதில் நாமும் கூட இருக்க வேண்டியிருக்கிறது.

இடம் பிடிப்பது

பெரிய ஹால் வேண்டாம். பழைய லைன் வீடுகள்தான் இதற்குச் சரி. தலைக்கு 50 சதுர அடி என்பது நகர்ப்புற விடுதிகளுக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. ஐந்து பேருக்கு 250 சதுர அடி வருகிறது. அதற்கும் கீழே போனால் கார்த்திகை மழையில் யாரும் வெளியே போக முடியாத நாளில் சண்டை நிச்சயம். பொதுச் சமையல் வேண்டவே வேண்டாம். குழம்பில் உப்பு போடுவதைக்கூடத் தான் தீர்மானிக்க முடியாத பெண்ணிடம் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

வீடு பார்க்கக் கோடையில் போகாதீர்கள். சித்திரையில் எல்லா வீடும் நல்ல வீடுதான். மழையில் போக முடியவில்லையென்றால் எதிர்வீட்டு ஆயாவிடம், "ஐப்பசியில தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?" என்று கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார். சுவரில் முழங்கால் உயரத்தில் கறை இருந்தால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

அடுத்தது மண் யாருடையது என்று பார்ப்பது. கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் திருவாரூரிலும் எத்தனையோ தெருக்கள் கோயில் அல்லது மடத்து அடிமனையில் நிற்கின்றன. கட்டடம் ஒருவருடையது, மண் சாமியுடையது. அடிமனை வாடகை பாக்கி இருக்கும் கட்டடத்தில் நீங்கள் போர்டு மாட்டினால் நோட்டீஸும் அதே கதவில்தான் ஒட்டப்படும். பாக்கி இல்லை என்பதற்கு ரசீதைக் கண்ணால் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பெண்களும் பிள்ளைகளும் தங்கும் விடுதிகள், இல்லங்களுக்கு 2014-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். உங்கள் அமைப்பு அதற்குள் வருகிறதா என்பதை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு முதல் குடும்பத்தை உள்ளே விடுங்கள். பெற்றோர் இல்லாத குழந்தையை ஒரு இரவுகூட உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசிவிடுங்கள்.

முதல் வாரம் கேள்வி வேண்டாம்

பெயர், எத்தனை பேர், யாருக்காவது மருந்து வேண்டுமா. முதல் நாள் இந்த மூன்றும் போதும். முழுக் கதையையும் அன்றைக்கே எழுதி வாங்கினால், அவர்கள் கொடுப்பது உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர்கள் நினைக்கும் கதை. நான்காம் நாள், ஐந்தாம் நாள், துணி காயப்போடும்போது வருவதுதான் நிஜம். அதுவரை தூங்கட்டும். வீடிழந்தவர்கள் எவ்வளவு தூங்குவார்கள் என்பதைப் பார்த்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒன்று மட்டும் காத்திருக்காது. அடி தாங்காமல் வந்த பெண் என்றால் அன்றைக்கே பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள், மாவட்டத் தலைநகரில் உள்ள சகி மையத்தோடு (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசு உதவி மையம்) இணைத்துவிடுங்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, அவள் வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. வெளியேற வேண்டியவள் அவள்தான் என்று நாமே முடிவுகட்டி அறையைத் திறந்துவிடுகிறோம். சில சமயம் அவளுக்குத் தேவை நம் அறை இல்லை, ஒரு நீதிமன்ற உத்தரவு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வக்கீல் செலவில்லாமல் கிடைப்பார். சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100.

விலாசம்

இரண்டாம் வாரம் தொடங்க வேண்டியது இது. சாப்பாடு எப்படியோ கிடைத்துவிடும். கோயில் அன்னதானம் இருக்கிறது, தெரிந்தவர்கள் கொடுப்பார்கள். விலாசம் இல்லாவிட்டால் மட்டும் ஒரு கதவும் திறக்காது.

ஆதாரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் இல்லம் அங்கீகாரம் பெற்றதென்றால், ஆதார் ஆணையம் வைத்திருக்கும் சான்றிதழ் படிவத்தில் இல்லப் பொறுப்பாளரே கையெழுத்துப் போட்டு விலாசம் மாற்றலாம். இல்லையென்றால் கவுன்சிலரோ, சட்டமன்ற உறுப்பினரோ, ஊராட்சித் தலைவரோ அந்தப் படிவத்தில் கொடுக்கலாம். அந்தச் சான்றிதழ் மூன்று மாதம்தான் செல்லும். வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நான் இரண்டு முறை விட்டிருக்கிறேன்.

ஆதார் மாறியதும் ரேஷன் கார்டு. இங்கேதான் முடிச்சு விழும். பெண்ணின் பெயர் இன்னும் அம்மா வீட்டுக் கார்டில் இருக்கும், அல்லது விட்டுவந்த புருஷன் வீட்டுக் கார்டில். அங்கே நீக்காமல் இங்கே சேராது. நீக்கினால் அங்கே ஒரு ஆளுக்கான அரிசி குறையும் என்று அவர்கள் இழுத்தடிப்பார்கள். போனில் கெஞ்சிப் பலன் இல்லை. வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நேரில் போய் மனு கொடுத்து, ரசீது எண் வாங்கி, வாரம் ஒருமுறை போய் நில்லுங்கள். இந்தக் கார்டு வெறும் அரிசிக்கு மட்டும் இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்குக் கணக்கே ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண் என்பதுதான். கார்டு இல்லாத பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் அவர்கள் பிறந்த ஊரில்தான் இருக்கும். பதிவு செய்யாமலே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும், அதற்கு மாதக் கணக்கில் ஆகும் என்பதால் சீக்கிரம் தொடங்குங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் போட்டால் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று போகும். ஆன்லைனில் போட்ட கையோடு விஏஓவை நேரில் பார்த்துவிடுங்கள். விஏஓவின் உதவியாளரான தலையாரியிடம் முதலில் சொல்லிவையுங்கள். ஒரு ஊரில் யார் எந்த வீட்டில் எத்தனை நாள் இருந்தார்கள் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, தலையாரிக்குத் தெரியும்.

வாக்காளர் பட்டியலில் சேர வீடற்றவர்கள் விலாசச் சான்று காட்ட வேண்டியதில்லை. அவர்கள் இரவில் உண்மையில் அங்கே தூங்குகிறார்களா என்று வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து பார்த்துக்கொள்வார். இந்த விதி அலுவலர்களிலேயே பலருக்குத் தெரியாது. பொறுமையாகச் சொல்லிக் காட்டுங்கள்.

சமையல் எரிவாயுவுக்கும் வழி இருக்கிறது. 5 கிலோ சின்ன சிலிண்டர் வாங்க அடையாள அட்டை போதும், விலாசச் சான்று கேட்க மாட்டார்கள்.

கடன் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, யார் யாருக்கு எவ்வளவு என்று அந்தப் பெண்ணையே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மகள் எழுதட்டும். நீங்கள் எழுதாதீர்கள். ஒரே உட்காரலில் முடியாது. முதலில் மூன்று கடன் வரும். ஒரு மாதத்தில் அது ஒன்பதாகும்.

டெல்டாவில் வீடு போவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இந்தக் கடன்தான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. கூரை பறந்தவர்கள் பலர் அதைப் போட வாங்கிய கடனை அடைக்க இன்னொரு கடன், அதற்கு வட்டி கட்ட வாரத் தவணையில் கடன் தரும் வாரக்குழு, வாரக்குழுவுக்குக் கட்ட இன்னொரு வாரக்குழு என்று போனார்கள். ஆட்டுக்கிடைக்கும் வாத்து மேய்க்கவும் பிள்ளையை அனுப்பிவிட்டு முன்பணம் வாங்கிய வீடுகளும் இருந்தன. அப்படி ஒரு பிள்ளை எங்காவது இருப்பது தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கோட்டாட்சியரிடம் போங்கள். அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை.

நோட்டில் உள்ள கடன்களை மூன்றாகப் பிரியுங்கள். நகைக் கடன், வங்கிக் கடன், மகளிர் குழுக் கடன் ஒரு பக்கம். அவற்றைக் கட்டித்தான் ஆக வேண்டும், தவணையை நீட்டிக் கேட்கலாம். மைக்ரோ பைனான்ஸ் வாரக்கடன் இரண்டாவது பக்கம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. இரவு எட்டு மணிக்கு வாசலில் வந்து உட்காரும் ஆளிடம் இதை எழுத்தில் காட்டினால் குரல் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பக்கம் மீட்டர் வட்டி, கந்துவட்டி. அதற்கு 2003-இலிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைக் குடும்பம் தீர்மானிக்க வேண்டும். கடன் கொடுத்தவன் அவர்கள் திரும்பிப் போகப்போகும் அதே ஊர்க்காரன். நாளைக்கு அந்தத் தெருவில் நடக்கப்போவது நீங்கள் இல்லை.

இல்லத்துப் பணத்தில் யார் கடனையும் அடைக்காதீர்கள். ஒருமுறை செய்தோம். அடுத்த மாதம் பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்கள் கேட்டதில் நியாயமும் இருந்தது.

போகக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

ஆரம்பத்தில் எங்கள் விதி எளிமையாக இருந்தது: ஆறு மாதம், பிறகு வெளியே. ஒரு குடும்பம் சித்திரையில் வந்தது. நன்றாகவே தேறினார்கள். குறுவை நடவுக்கு அந்த அக்கா போனார், சம்பா நடவுக்கும் போனார், கையில் பணம் சேர்ந்தது. ஐப்பசியில் ஆறு மாதம் முடிந்தது. வாழ்த்தி அனுப்பிவைத்தோம், போட்டோகூட எடுத்துக்கொண்டோம். அந்த வருடம் அடைமழை. வயலில் வேலை இல்லை, கட்டட வேலையும் இல்லை. முதல் மாத வாடகை கட்டினார்கள், இரண்டாவது மாதம் கடன் வாங்கிக் கட்டினார்கள். மார்கழியில் மறுபடியும் பேருந்து நிலையம். தப்பு அவர்களுடையது இல்லை, எங்கள் காலண்டருடையது.

அதிலிருந்து மாதக் கணக்கை விட்டுவிட்டுப் போகக் கணக்குக்கு, அதாவது சாகுபடிப் பருவக் கணக்குக்கு வந்தோம். இங்கே பணம் எப்போது வரும், எப்போது வராது என்பதை மேட்டூர் மதகுதான் தீர்மானிக்கிறது. வழக்கமாக ஜூன் 12 திறப்பு. தண்ணீர் கல்லணை தாண்டி வந்தால் ஆனி, ஆடியில் குறுவை நடவு. ஆவணி, புரட்டாசியில் குறுவை அறுப்பும் சம்பா நடவும். ஐப்பசி, கார்த்திகை மழை, கை காய்ந்துவிடும். தை, மாசியில் சம்பா, தாளடி அறுப்பு. அதன் வால் பிடித்து உளுந்து, பயறு பறிப்பு. அப்புறம் சித்திரை, வைகாசி மறுபடியும் வறட்சி. நூறு நாள் வேலை இருந்தால் உண்டு.

இந்தக் கணக்கும் வருடா வருடம் மாறும். 2022-இல் மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. பம்புசெட் இல்லாத ஊர்களில் குறுவை நடவுக் கூலி என்ற ஒன்றே அந்த வருடம் இல்லாமல் போயிற்று. அறுப்பை மிஷின் எடுத்துக்கொண்டு வெகுநாள் ஆகிறது. நடவையும் நேரடி விதைப்பும் நடவு மிஷினும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கின்றன. அதனால் வயல் வேலையை மட்டும் நம்பிக் குடும்பத்தின் வரவுசெலவைப் போடாதீர்கள்.

இப்போது எங்கள் விதி இது: ஒரு காய்ந்த காலத்தை, அது ஐப்பசியோ சித்திரையோ, புதுக்கடன் வாங்காமல் எங்கள் வீட்டில் இருந்தபடி கடந்த குடும்பம்தான் வெளியேறத் தயாரான குடும்பம். அதற்கு ஏழு மாதம் ஆகலாம், பதினாறு மாதமும் ஆகலாம். அமெரிக்காவில் இந்த மாதிரி வீடுகளுக்கு 24 மாதம் என்று மத்திய அரசு எல்லை வைத்திருக்கிறது. அங்கேயே இன்னொரு சாரார், இந்த இடைக்காலமே வேண்டாம், முதல் நாளே நிரந்தர வீட்டைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார் என்கிறார்கள். கையில் சாவிகள் இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். சாவி இல்லாத ஊரில் போகக் கணக்குதான் வழி.

வேலை

வீட்டில் ஒருவர் வயலுக்குப் போனால் இன்னொருவர் வருடம் முழுக்க ஓடும் வேலையில் இருக்க வேண்டும். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஓட்டல் சமையலறை, மருத்துவமனைத் துப்புரவு, ஜவுளிக்கடை, அரிசி ஆலை. திருபுவனம் பக்கமென்றால் பட்டுத்தறிக்குத் தார் (ஊடைநூல்) சுற்றுவதை வீட்டிலிருந்தே செய்யலாம், கைக்குழந்தை உள்ள பெண்களுக்கு அது தோது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவது நல்ல கூலிதான், ஆனால் அதுவும் அறுப்பைப் பொறுத்த வேலை.

தையல் மிஷின் கொடுப்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். நன்கொடையாளர்களுக்கு மிகவும் பிடித்த பொருள் அது, போட்டோவில் அழகாக இருக்கும். ஆனால் ஒரு தெருவில் எத்தனை பேருக்குத்தான் ஜாக்கெட் தைக்க ஆள் வேண்டும்? எங்கள் மாடிப்படிக்குக் கீழே இன்னும் மூன்று மிஷின் கிடக்கிறது.

கட்டட வேலைக்குப் போகிறவர் என்றால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள். பிள்ளை படிப்புக்கும் திருமணத்துக்கும் விபத்துக்கும் உதவி கிடைக்கும். கணவர் இறந்த பெண்ணென்றால் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். வாடகையில் ஒரு பகுதிக்கு ஆகும்.

பள்ளிக்கூடம்

டிசி இல்லை, நடு வருடம், பிறப்புச் சான்று இல்லை என்று எந்தக் காரணத்துக்கும் எட்டாம் வகுப்பு வரை பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படி. வந்த மூன்றாம் நாளே சேர்த்துவிடுங்கள். அரசு தொடக்கப் பள்ளியில் காலைச் சிற்றுண்டியும் உண்டு. 2023 ஆகஸ்ட் 25-இல் நம் திருக்குவளையில் வைத்துத்தான் அதை மாநிலம் முழுக்க விரித்தார்கள். கூலிக்கு விடியற்காலை கிளம்பும் அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். பெண் பிள்ளையை அரசுப் பள்ளியிலேயே வைத்திருங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அங்கேயோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தால்தான் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் தொகை.

குடி

சாராயத்தைப் பற்றி எழுதாமல் இந்த வேலையைப் பற்றி எழுத முடியாது. எங்கள் விதி: குடித்துவிட்டு வந்தால் அன்று இரவு உள்ளே வரக்கூடாது, காலையில் வரலாம். குடும்பத்தை வெளியே அனுப்ப மாட்டோம். முதலில் குடித்தால் குடும்பமே வெளியே என்று வைத்திருந்தோம். அதனால் நடந்தது என்னவென்றால், பெண்களே குடித்த புருஷனை மறைத்து உள்ளே கூட்டிவந்து அடியும் வாங்கிக்கொண்டு வாயையும் மூடிக்கொண்டார்கள்.

அட்வான்ஸ் சேர்ப்பது

வாடகை மாதிரி மாதம் ஒரு தொகையை வாங்குங்கள். வெளியேறும்போது முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தொகை சின்னதாக இருக்கலாம், தேதி தவறக்கூடாது. ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி. அந்தப் பணம் உங்கள் மேசை டிராயரில் இருக்க வேண்டாம். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம், பெண்ணின் பெயரில். பாஸ்புக் அவரிடமே இருக்கட்டும்.

வாடகை வீடு

தேடலை வெளியேறுவதற்கு நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். பணம் இருந்தும் வீடு கிடைக்காது. "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான் இங்கே முதல் கேள்வி. சிலர் அதை நேரடியாகக் கேட்க மாட்டார்கள். எந்தத் தெரு, எந்தக் கோயில், கறி சமைப்பீங்களா என்று சுற்றிக் கேட்பார்கள். இதற்கு என்னிடம் மந்திரம் இல்லை. பொய் சொல்லி வீடு பிடிக்காதீர்கள். தெரிந்ததும் காலி செய்யச் சொல்வார்கள், பிள்ளைகளுக்கு இன்னொரு அவமானம் சேரும். எங்களுக்குப் பலன் கொடுத்தது ஒன்றே ஒன்று: முன்பு எங்கள் வீட்டிலிருந்து போய் ஒழுங்காக வாடகை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தின் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசவைப்பது. வீட்டுக்காரர் சொன்னால் வீட்டுக்காரர் கேட்பார்.

ஆடி மாதம் யாரும் வீடு மாற மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஆனியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டியே கிடக்கும். ஆடியில் போய்க் கேட்டால் வாடகையில் இருநூறு, முந்நூறு குறைப்பார்கள். குடும்பத்துக்குச் சம்மதம் என்றால் மட்டும். "ஆடியில குடி போனா ஆகாது"ன்னு அந்த அம்மா மனசு சொன்னால் நாம் பகுத்தறிவு பேசக்கூடாது. பயந்துகொண்டு போன வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தாலும் பழி நம்மேல்தான்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். நகரப் பகுதிகளில் 2019-இலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. ஒத்திக்கு, அதாவது மாத வாடகைக்குப் பதில் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்து வைப்பதற்கு, வீடு என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே இடத்தில் முடக்கினால் அடுத்த ஐப்பசிக்குக் கையில் ஒன்றும் இருக்காது. கரண்ட் மீட்டர் தனியா என்று கேளுங்கள். தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வீட்டுக்காரர் மீட்டரிலிருந்து இழுத்திருந்தால் அந்தச் சலுகை போய்விடும், யூனிட்டுக்கு அவர் சொன்னதுதான் விலை.

சொந்த மனை

இது நீண்ட கயிறு. குடும்பம் உங்களோடு இருக்கும்போதே ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்துவிடுங்கள், முடிகிற அன்றைக்கு முடியட்டும்.

சொந்த ஊரில் அவர்கள் இருந்த குடிசை எந்த மண்ணில் இருந்தது என்று விசாரியுங்கள். மிராசுதார் நிலத்தில் தலைமுறையாகக் குடியிருந்த கூலித் தொழிலாளிக்கு அந்தக் குடிமனை சொந்தம் என்று 1971-இல் சட்டமே வந்தது. கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25. அந்த நெருப்புக்குப் பின்னால் வந்த சட்டம் இது. நத்தமென்றால் (ஊர்க் குடியிருப்புக்கான நிலம்) பட்டா கேட்கலாம். வாய்க்கால், குளம், ஆற்றுப் புறம்போக்கு என்றால் அங்கே பட்டா கிடைக்காது. அந்த நம்பிக்கையை வளர்க்காதீர்கள். அதற்குப் பதில் மாற்று இடம் கேட்டு மனு எழுதுங்கள். கிராமத்தில் வீடற்ற ஏழைக்குப் பொதுவாக 3 சென்ட் வரை வீட்டுமனை தருவார்கள்.

மனுவைத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். ஆனால் என் அனுபவத்தில் ஜமாபந்திதான் மேல். கோடையில் தாலுகா அலுவலகத்தில் கிராமம் கிராமமாகக் கணக்குப் பார்ப்பார்கள். அன்றைக்கு விஏஓ, ஆர்ஐ, தாசில்தார், பதிவேடு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும். உங்கள் கிராமத்தின் தேதியைத் தெரிந்துகொண்டு குடும்பத்தோடு போங்கள்.

பட்டா இருந்தால் வீடு கட்ட வழி உண்டு. 2024-25-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டமும் இருக்கிறது. இரண்டிலும் மனை இல்லாதவர் பெயர் ஏறுவது கடினம். பட்டா பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். 1981-இல் உழுபவருக்கு நிலம் என்ற லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இந்தப் பகுதியில் கூலிக் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது பெண்கள் பெயரில்தான் பதிந்தார். குடிக்கு அடமானம் போகாத நிலம் எது என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

போன பிறகு

ஒரு வருடமாவது போய்ப் பாருங்கள். மாதா மாதம் வேண்டாம். கார்த்திகையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை கட்டாயம். தையில் போனால் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள்.

போனால் நோட்டும் பேனாவும் கொண்டுபோகாதீர்கள். அரிசி டின் எவ்வளவு கனக்கிறது, கேஸ் அடுப்பு எரிகிறதா அல்லது வாசலில் விறகு அடுக்கியிருக்கிறதா, காதில் தோடு இருக்கிறதா, செவ்வாய்க்கிழமை வாரக்குழு வசூல் அந்தத் தெருவில் யார் வீட்டு வாசலில் நடக்கிறது என்று சும்மா பார்த்தாலே போதும். தோடு இல்லாவிட்டால் எதையும் கேட்காமல் டீ குடித்துவிட்டு வாருங்கள். இரண்டு நாள் கழித்து, "யக்கா, இந்தப் பக்கம் வேலையா வந்தேன்" என்று தனியாகப் போய் உட்காருங்கள். அடகுச் சீட்டு எந்த மாதத்தில் மூழ்கும் என்று அப்போது அவரே சொல்வார். அதற்கு முன்னால் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று இரண்டு பேரும் சேர்ந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கலாம்.